பூட்டனின் பதக்கம் துன்னுக்குப் போனது

பிள்ளையின் முப்பத்தோராம் நாளன்று சுவிஸின் துன் நகரில் அந்த இரண்டறை வீட்டில் இருந்தவர்கள் என் அண்ணை, அவர் மனைவி வசந்தி மச்சாள், அவர்களுடைய பெண்குழந்தை, ஷ்லீரனில் இருந்து வந்த நாகலிங்கப் பத்தர், கீழ்வீட்டுக் கெல்லர் அம்மா, லண்டனில் இருந்து போன நான். இல்லாதவர்கள் திருகோணமலையில் எங்கள் அம்மா, சாவகச்சேரியில் மச்சாளின் தாய் தகப்பன், பிள்ளைபெற்ற துடக்குக் கழிக்க ஒரு ஐயர், பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டிய தாய்மாமன். ஐயருக்குப் பதிலாக மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சமாளித்தோம். தாய்மாமனை அப்படிச் சமாளிக்க முடியாது. மச்சாளுக்கு ஒரே ஒரு தம்பி. ஒரு காலை வீட்டு வாசலில் வைத்து ராணுவ ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

நான் போனதே ஒரு பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். எங்கள் பூட்டன், அதாவது அப்பாவின் பாட்டன், விக்டோரியா மகாராணி காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஏறிப் போனவர். எகிப்துச் சண்டைக்குப் போய் ஒரு வெள்ளிப் பதக்கத்தோடும் ஒரு வெண்கல நட்சத்திரத்தோடும் திரும்பி வந்தார். நட்சத்திரம் யார் கையிலோ தொலைந்து போனது. வெள்ளிப் பதக்கம் மட்டும் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பொங்கலுக்கு முதல்நாள் அம்மா பழப்புளியும் சாம்பலும் போட்டு விளக்கு மினுக்கும்போது அதையும் சேர்த்து மினுக்குவா. அம்மாவுக்கு முந்தியவர்களும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். அதில் இருந்த மகாராணிக்கு இப்போது மூக்கே இல்லை. குங்குமம் வைத்து வைத்து நெற்றி தேய்ந்து பள்ளமாகிவிட்டது. மறுபக்கத்தில் இருந்த சிங்க உடம்பு மனிதத் தலைச் சிலையை நாங்கள் சிறுவயதில் நந்தி என்றே நினைத்திருந்தோம்.

பூட்டன் பீரங்கி சுட்டவர் என்பது வீட்டுக் கதை. அந்தக் கதையில் பீரங்கி வருடாவருடம் பெரிதாகும்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால், முப்பத்தொன்றுக்கு அரையில் கட்டும் வெள்ளியைப் புதிதாக வாங்குவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய வெள்ளி ஏதாவது ஒன்றை உருக்கித்தான் கட்டுவார்கள். முன்னோரின் உடம்பில் கிடந்தது பிள்ளையின் உடம்பில் கிடக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான். என்னைப் படிப்பித்து முடிக்கும்போது வெள்ளித் தண்டை, கிண்ணம், செம்பு எல்லாம் விற்றுப் போய்விட்டன. மிஞ்சியது பதக்கம். நான் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது அம்மா அதை என் பெட்டிக்குள் வைத்து, "எயர்போட்டில வெள்ளைக்காரன் கரைச்சல் தந்தா இதைக் காட்டு. உங்கட மகாராணிக்கு எங்கட ஆள் வேலை செய்தவர் எண்டு சொல்லு" என்று சொல்லிவிட்டா. நான் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

காட்ட நேர்ந்தது சுவிஸ் எல்லையில். பாசலில் ரயிலுக்குள் ஏறிய சுங்க அதிகாரி என் பையில் இருந்து பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சரக்குத் தூளை எடுத்து முகர்ந்து மூன்று முறை தும்மினார். அடுத்த பொட்டலத்தை என்னைக் கொண்டே அவிழ்க்கச் சொன்னார். பதக்கம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடற்படையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் அப்பாவின் பாட்டன்."

"எங்களுக்குக் கடலே கிடையாது. என் பாட்டன் மாடு வைத்திருந்தார்" என்று சொல்லிவிட்டு, பதக்கத்தை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். சரக்குத் தூளைப் பற்றி மறந்தே போய்விட்டார். அம்மா சொன்னது பலித்தது, நாடுதான் மாறிப்போனது.

துன் நிலையத்தில் அண்ணை தான் சட்டி கழுவும் ஹோட்டல் குசினியின் கட்டம்போட்ட கால்சட்டையோடு நின்றிருந்தார். வேலை இடைவேளையில் ஓடிவந்தவர். நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறோம். கட்டிப்பிடிப்பது எங்கள் பழக்கமில்லை. என் பெட்டியைப் பறித்துக்கொண்டு, "மெலிஞ்சுபோனாய். லண்டனில சோறு இல்லையோ?" என்றார்.

ஏரி நகரத்துக்குள்ளேயே வந்து ஆறாகப் போகிறது. பாலத்தில் நின்று பார்த்தால் அடியில் கல் தெரியும். திருகோணமலை உள்துறைமுகத்திலும் காலை நேரத்தில் அப்படித் தெரியும். ஆனால் அங்கே நின்று பார்த்தால் காவலுக்கு நிற்பவன் கத்துவான். இங்கே யாரும் கத்தவில்லை. கொஞ்ச நேரம் அதற்காகவே நின்றேன்.

வீட்டில் மச்சாள் வெந்நீர்ப் போத்தலும் கம்பளிச் சால்வையுமாகக் கட்டிலில் இருந்தார். பிள்ளை கைமுட்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டு தூங்கியது. அண்ணை இரவு வந்து சமைத்தார். பால் சுரக்கப் பால்சுறா கொடுக்க வேண்டும். துன்னில் சுறாவுக்கு எங்கே போவது? ஏரியில் பிடிக்கிற எக்லி என்ற சின்ன மீனை உதிர்த்து வறை வறுத்தார். நான் கொண்டுபோன தூளில் மல்லி மிளகு வாசம் எழுந்து படியிறங்கிப் போனது. கீழ்வீட்டுக் கெல்லர் அம்மா கதவைத் தட்டி, யாருக்காவது சுகமில்லையா, மருந்து காய்ச்சுகிறீர்களா என்று கேட்டார். ஓம், மருந்துதான் என்று அண்ணை ஜெர்மனில் சொல்லி ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிட்டார். மறுநாள் கிண்ணம் கழுவி வந்தது. உள்ளே நாலு அப்பிள் இருந்தது.

சாப்பிட்ட பிறகு பதக்கத்தை எடுத்து மச்சாளின் கையில் வைத்தேன். அவர் அதை உடனே கட்டிலில் வைத்துவிட்டார்.

"இதைச் சண்டை பிடிச்சதுக்குத்தானே குடுத்தவை?"

"ஓம், எண்டாலும் எங்கட வெள்ளி" என்றார் அண்ணை.

"இஞ்சாருங்கோ, நான் முதலே சொன்னனான். சனத்தைச் சுட்டு வாங்கின சாமானை என்ர பிள்ளையின்ர அரையில கட்டவிடமாட்டன். உருக்கிப்போட்டுக் கொண்டுவாங்கோ. அடையாளம் ஒண்டும் மிஞ்சக்கூடாது. அப்பதான் கட்டுவன்."

அண்ணை என்னைப் பார்த்தார். அவருக்கு உருக்குவதில் ஆட்சேபம் இல்லை. பிள்ளையின் அரையில் வீட்டு வெள்ளி ஏற வேண்டும், அவ்வளவுதான். ஆட்சேபம் எனக்குத்தான். பதக்கத்தின் விளிம்பில் சிறிய ஆங்கில எழுத்துகள் உண்டு. நூறு வருடச் சாம்பலும் புளியும் ஏறி இறுகிப்போனதில் 'சின்னவன்' என்ற பெயர் மட்டும்தான் மட்டுமட்டாகத் தெரியும். எங்கள் பரம்பரையில் எங்கள் இருவரின் பள்ளிக்கூட இடாப்புக்கு முன்னால் எங்காவது ஓர் ஆளின் பெயர் எழுத்தில் இருந்தது என்றால் அது அந்த விளிம்பில்தான். அதை உருக்குவது என்றால்?

"மச்சாள், அதில ஒரு ஆளின்ர பேர் இருக்கு" என்றேன்.

"என்ர தம்பிக்கும் பேர் இருந்தது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணை வேலைக்குப் போய்விட, நான் தனியே ஊர் பார்த்தேன். கோட்டை, மரக்கூரைப் பாலம், இரண்டு தட்டாக மேலும் கீழும் நடைபாதை போட்ட கடைத்தெரு. ஒரு பேக்கரியில் பாணைக் காட்டி விலை கேட்டபோது கடைக்காரப் பெண் ஒரு துண்டு வெட்டி என் கையில் தந்து, "முதலில் தின்னு, பிறகு விலை கேள்" என்றாள். லண்டனில் எனக்கு இப்படி ஒரு கட்டளை கிடைத்ததில்லை. ஏரிக் கப்பல் ஒன்று பக்கத்தில் பூட்டிய துடுப்புச் சில்லைச் சுற்றிக்கொண்டு புகை விட்டுப் போனது. அதன் குசினி ஜன்னலில் ஒரு வெள்ளைத் தொப்பிக்காரன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பத்தரிடம் போனோம். நாகலிங்கப் பத்தர் ஊரில் நகைவேலை செய்தவர், இப்போது ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் துடைக்கிறார். ரயிலில் அண்ணை நித்திரை. நாலு வருட நித்திரையை ஒரேயடியாகக் கொள்பவர்போல வாயைத் திறந்துகொண்டு. நான் ஜன்னலில் தொழிற்சாலைப் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டிருந்ததில் ஷ்லீரன் கடந்து டீட்டிகோனில் இறங்கினோம். திரும்பிப் போக ரிக்கற் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல, "ஒரு ஸ்டேசனுக்கு ரிக்கற்றோ? நட" என்றார் அண்ணை.

லிம்மட் ஆற்றங்கரையாகவே நடந்தோம். ஒரு வயோதிபத் தம்பதி நாயோடு எதிரே வந்தது. "வணக்கம்" என்று அவர்கள் மொழியில் சொன்னார்கள். அண்ணை திரும்பச் சொன்னார். கொஞ்சம் தள்ளிப் போனதும் கிழவர் மனைவியிடம் சொன்னதை அண்ணை எனக்கு மொழிபெயர்த்தார்: "கோட்டு மெல்லிசு, பாவம், ரெண்டு பேருக்கும்."

"தம்பி" என்றார் அண்ணை பிறகு, "நீ பேர் பேர் எண்டு கவலைப்படாதை. பிள்ளைக்குச் சின்னவன்ர பேரிலை பாதி வைப்பம்."

"பெட்டைப் பிள்ளைக்கோ?"

"சின்னம்மா எண்டு வைச்சா என்ன?"

"மச்சாள் உங்களையும் சேர்த்து உருக்குவா."

சிரித்தார். ஆனால் நான் எதை நினைத்துக்கொண்டு நடக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

பத்தரின் வீட்டில் ஐந்து ஆண்கள். ஒருவர் குளிக்கிறார், ஒருவர் வெங்காயம் உரிக்கிறார், ஒருவர் சப்பாத்தோடு தூங்குகிறார். பத்தர் கதவைத் திறந்து, "என்ன பிந்திப்போச்சு? இந்த நாட்டில ரெயின் பிந்தாதே" என்றார்.

"ரெயின் பிந்தேல்லை. நாங்கள்தான் முந்திப் போட்டம்" என்றார் அண்ணை.

பத்தர் பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "நல்ல சாமான். ராசாத்தியின்ர மூக்கை ஆர் கடிச்சது?" பிறகு ஒரு கோப்பையில் சுடுதண்ணீரும் சோடாவும் கரைத்து, பழைய பல்தூரிகையால் தேய்க்கத் தொடங்கினார். உருக்குவதற்கு முன் ஊத்தை எடுக்க வேண்டுமாம். தண்ணீர் கறுப்பாகியது. விளிம்பைத் தேய்த்தவர் கையை நிறுத்தினார்.

"எழுத்து வருது. தம்பி, நீர் படிச்ச ஆள், வாசியும்."

ஜன்னலோரம் கொண்டுபோனேன். சின்னவன். அதன் பின்னால் இரண்டு சொற்கள். அதற்கும் பின்னால் கப்பலின் பெயர் இருந்திருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இரண்டு சொற்களையும் மூன்று தரம் வாசித்தேன்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் அண்ணை.

"குசினி உதவியாள்."

"வடிவாப் பார். பீரங்கி எண்டு இருக்கும்."

"இல்லை அண்ணை. கப்பல் குசினியில வேலை செய்தவர். கப்பலில போன எல்லாருக்கும் பதக்கம் குடுத்திருக்கினம்போல, சமைச்சவைக்கும் சேர்த்து."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "உங்கட பரம்பரைத் தொழில் எண்டு சொல்லுங்கோவன்." அண்ணை சிரிக்கவில்லை. முகம் சின்னப்பிள்ளையின் முகம் மாதிரிப் போய்விட்டது. "பள்ளிக்கூடத்தில எல்லாரிட்டையும் பீரங்கி எண்டு சொல்லித் திரிஞ்சனான்ரா" என்றார் என்னிடம் மெதுவாக. பத்தர் ஊதுவிளக்கை எடுத்தபோது கையை நீட்டித் தடுத்தார். "வேண்டாம் பத்தர். இப்ப வேண்டாம். மனிசியைக் கேக்கவேணும்."

திரும்பும் ரயிலில் அவர் தூங்கவில்லை. பேர்ன் தாண்டியதும் கேட்டார்: "அந்தக் கப்பலில எத்தினை பேர் இருந்திருப்பினம்?"

"பெரிய கப்பலெண்டா நாலைஞ்சு நூறு பேர் இருப்பினம்."

"மூண்டு நேரமும் சாப்பாடு?"

"ஓம்."

"அப்ப சட்டியெல்லாம் கழுவினது கிழவன்தான்" என்றார். கையைத் திருப்பித் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஹோட்டல் சோப்பில் நகக்கண்கள் வெளுத்திருந்தன. பிறகுதான் அந்தச் சிரிப்பு வந்தது. முன்னால் இருந்த பெண் தன் புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அண்ணை சொன்னார்: "இஞ்சாரும், கிழவன் ஒருத்தரையும் சுடேல்லை! குசினியிலதான் நிண்டவர்!"

மச்சாள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் பார்த்தார். "தம்பி, அண்ணைக்காகப் பொய் சொல்லுறீரோ?"

"நீங்களே வாசியுங்கோ மச்சாள்."

அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். பிள்ளையை அண்ணையிடம் கொடுத்துவிட்டு விளக்கடிக்குப் போய் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். வெகுநேரம் எடுத்தது. பிறகு பதக்கத்துக்கு மேல், நாடா கோர்க்கும் இடத்தில் பூட்டியிருந்த சின்ன வெள்ளிப் பட்டையில் விரலை வைத்தார். அதிலும் எழுத்து உண்டு.

"இது என்ன? சுவாக்கின். ஊரோ?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. லண்டன் நூலகத்தில் அதைப் பற்றித் தேடி வாசித்திருந்தேன். செங்கடல் கரையில் ஒரு துறைமுகம் என்றேன். கப்பல்களில் இருந்து மாலுமிகளை இறக்கினார்கள், பீரங்கிகளை மணலில் இழுத்துக்கொண்டு போனார்கள், அந்தச் சண்டைக்காக இந்தப் பட்டையைத் தனியாகக் கொடுத்தார்கள் என்றேன்.

"அந்த ஊரில சனம் இருந்ததோ?"

"ஓம்."

"அதுகளுக்கு என்ன நடந்தது எண்டும் புத்தகத்தில கிடந்ததோ?"

யோசித்தேன். வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் பட்டம் பதவியோடு இருந்தன. மற்றப் பக்கத்தில் செத்தவர்களுக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "பலர் எண்டு இருந்தது" என்றேன்.

"பலர்" என்றார் மச்சாள். பால் குடித்த பிள்ளை அண்ணையின் தோளில் ஏவறை விட்டது. மச்சாள் பதக்கத்தை என் கையில் திருப்பி வைத்தார். "இந்தத் துண்டைக் கழட்டி உருக்கச் சொல்லும். அதைப் பிள்ளைக்குக் கட்டுவம். ஆளை உருக்கவேண்டாம். ஆள் இருக்கட்டும்."

"மச்சாள், அந்தத் துண்டும் சரித்திரம்."

"அதை நீர் படிச்சனீர்தானே தம்பி. உம்மட்டை இருக்கட்டும்."

முப்பத்தொன்று புதன்கிழமை வந்தது. அண்ணை விடுப்பு எடுத்திருந்தார். பத்தர் ஊதுவிளக்கும் குறடும் ஒரு கரித்துண்டும் பையில் கொண்டுவந்தார். மாவிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு பச்சை இலையை நான் ஏரிக்கரையில் முறித்து வந்தேன். கெல்லர் அம்மா சடைபோலப் பின்னிய பால்பாண் ஒன்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். தட்டில் இருந்த பதக்கத்தைக் குனிந்து பார்த்து, "இந்தப் பெண்மணி யார்? மூக்கு எங்கே?" என்று கேட்டார்.

"கும்பிட்டுக் கும்பிட்டுத் தேய்ச்சுப்போட்டம் எண்டு சொல்லும்" என்றார் பத்தர். அண்ணை சொன்னார். கெல்லர் அம்மா அது நியாயம்தான் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

பத்தர் குறடால் பட்டையைக் கழற்றினார். பல்கனியில் கரித்துண்டில் குழி செய்து அதை வைத்து நீலச் சுடரை ஊதினார். எழுத்துகள் முதலில் சிவந்தன. 'சுவாக்கின்' என்பதை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த கணம் அது வியர்த்து, சுருண்டு, தானாகவே உருண்டு மணியாகிவிட்டது. வெள்ளி அப்படித்தானாம், உருகினால் உருண்டையாகிவிடுமாம். பத்தர் அதை இரண்டாக்கித் துளையிட்டு, கறுப்பு நூலில் கோர்த்தார்.

அடுத்தது தாய்மாமன் மடி. அண்ணை என்னைப் பார்த்தார். நான் சித்தப்பன், எனக்கு அந்த உரிமை இல்லை. மச்சாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே பத்தரிடம் போனார்.

"அண்ணை, நீங்கள் மடியில வையுங்கோ."

பத்தர் எழும்பிவிட்டார். "பிள்ளை, நான்... ஊரில உங்கட வீட்டு விறாந்தையோட நிண்டு வேலை வாங்கிக்கொண்டு போற ஆளெல்லோ நான்?"

"இது துன். இருங்கோ அண்ணை."

அவர் போய்க் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவினார். பிறகு நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து மடியை விரித்தார். மச்சாள் பிள்ளையை அதில் கிடத்தி நூலைக் கட்டினார். முடிச்சுப் போடும்போது அவர் உதடு அசைந்தது. யாருடைய பெயர் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கெல்லர் அம்மாதான் படம் எடுத்தார். மறுநாள் மச்சாள், "படம் வந்ததும் உங்கட அம்மாவுக்கு அனுப்பவேணும், பின்பக்கத்தில எழுத ஒரு கடுதாசியில எழுதித் தாரும் தம்பி" என்றார். பிள்ளையின் பெயர் சின்னம்மா இல்லை, கயல்விழி. பதக்கம் சாமித்தட்டில் இருக்கிறது, அதில் பெயர் இருப்பவர் குசினிக்காரர் என்றும் எழுதச் சொன்னார்.

"நகைக்கு எவ்வளவு முடிஞ்சது எண்டும் போடு. விலை தெரியாட்டி அம்மா இரவு படுக்கமாட்டா" என்றார் அண்ணை.

பத்தர் கூலி வாங்கவில்லை. தட்டாரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று மச்சாள் தட்டில் வைத்து நீட்டிய இரண்டு பிராங்கை மட்டும் எடுத்துக்கொண்டார். அதையும் ஊதுவிளக்குக் காஸின் விலையையும் கறுப்பு நூலின் விலையையும் கூட்டி எழுதினேன்: பத்துப் பிராங் நாற்பது சதம்.